டிராக்டர் பவர் ஸ்டீயரிங்கில் ஆயில் கசிவு: கண்டறியும் முறையும் சரிசெய்யும் முறையும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. கண்மாய்ப் பாசன வயல்களில் தொளி உழவு, கரிசல் காட்டில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் உழவு, தென்னந்தோப்பில் ரோட்டவேட்டர் என்று எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இந்த நேரத்தில் ஸ்டீயரிங் ஆயில் கசிந்து வண்டி நின்றால், நிலத்தின் ஈரம் நமக்காகக் காத்திருக்காது.

ஈரம் போவதைவிடப் பெரிய ஆபத்தும் இதில் இருக்கிறது. இப்போது வரும் பவர் ஸ்டீயரிங் டிராக்டர்கள் பலவற்றில் ஸ்டீயரிங் வளையத்துக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே இரும்புக் கம்பி இணைப்பு எதுவும் இல்லை. ஆயில்தான் இணைப்பு. ஆயில் தீர்ந்துவிட்டால் வளையம் மட்டும் சுற்றும், சக்கரம் திரும்பாது. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கேரளா செல்லும் நெடுஞ்சாலையில் டிரெய்லரோடு போகும்போதோ, கண்மாய்க் கரையில் ஏறும்போதோ இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கசிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, நீங்களே எதைச் சரிசெய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

உங்கள் வண்டியில் எந்த வகை ஸ்டீயரிங்?

முன் அச்சுக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து நீளமான இரும்புக் கம்பி ஒன்று முன் சக்கரத்தின் கைக்குப் போனால், அது கம்பி இணைப்புள்ள ஸ்டீயரிங். இதில் ஆயில் உதவிக்கு மட்டுமே இருக்கிறது. ஆயில் போனாலும் கை வலிக்க வலிக்கத் திருப்பலாம்.

கம்பி இல்லாமல் ஸ்டீயரிங் தூணின் அடியிலிருந்து ஓஸ்கள் மட்டும் முன் அச்சில் உள்ள சிலிண்டருக்குப் போனால், அது முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங். இன்ஜின் நின்றாலும், ஆயில் இருக்கும்வரை பலமாகச் சுற்றித் திருப்ப முடியும். ஆயில் இல்லாவிட்டால் எதுவும் முடியாது. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், ஓட்டும் டிரைவரும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வேலை செய்யும் விதம்

இதில் ஐந்து பாகங்கள்: ஆயில் டேங்க், இன்ஜின் சுற்றும்போது சுற்றும் பம்பு, வளையத்துக்குக் கீழே உள்ள ஸ்டீயரிங் யூனிட், ஓஸ்கள், முன் அச்சில் உள்ள சிலிண்டர். பம்பு ஆயிலைத் தள்ளுகிறது. நீங்கள் வளையத்தை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ, அந்தப் பக்கத்துக்கு உரிய ஓஸில் ஸ்டீயரிங் யூனிட் ஆயிலை அனுப்புகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து ராடைத் தள்ள, சக்கரம் திரும்புகிறது. மறுபக்கத்து ஆயில் டேங்குக்குத் திரும்பி வருகிறது. சில மாடல்களில் தனி டேங்க் இருக்காது. கியர் பாக்ஸில் உள்ள ஆயிலே ஸ்டீயரிங்குக்கும் வரும்.

மூடிய இடத்தில் உள்ள திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்ன விதிதான் இதற்கு அடிப்படை. கடலில் போகும் படகுகளின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும் இதே விதியில்தான் இயங்குகிறது. சிறு படகுகளில் பம்பை இன்ஜின் சுற்றாது. ஓட்டுபவரின் கையே வளையத்தின் மூலம் சுற்றுகிறது. கசியும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஓஸ் முனை, சிலிண்டர் ராடு சீல், வளையத்தின் பின்னால் உள்ள தண்டு சீல். படகுக்கு உப்புத் தண்ணீர் எதிரி. நம் டிராக்டருக்குச் சேறும் புழுதியும் எதிரி.

கசிவு ஏன் வருகிறது?

1. தொளி உழவு முடிந்ததும் வண்டியைக் கழுவாமல் நிறுத்துவது. சிலிண்டர் ராடில் ஒட்டிய சேறு காய்ந்து கல்லாகிறது. மறுநாள் திருப்பும்போது அந்தச் சேறு ராடோடு உள்ளே போய்ச் சீலின் உதட்டை அறுக்கிறது.
2. ராடில் துரு. பளபளப்பான மேல்பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால்கூட, அந்தக் குழி ஒவ்வொரு முறையும் சீலைச் சுரண்டும்.
3. பருத்தி மார், மக்காச்சோளத் தட்டை, தென்னை மட்டை ஆகியவை அடியில் குத்தி ஓஸைக் கிழிப்பது.
4. ஓஸ் இரும்பில் உரசித் தேய்வது. பிடிப்பான் கிளிப் கழன்று விழுந்ததைக் கவனிக்காமல் விட்டால் இது நடக்கும்.
5. ஷெட்டில் எலி கடிப்பது. நெல், சோளம் வைக்கும் இடத்திலேயே டிராக்டரையும் நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.
6. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபடுவது அல்லது டேங்கை விளிம்புவரை நிரப்புவது. சூடான ஆயில் விரிந்து மூடி வழியாக வழியும். இதைக் கசிவு என்று நினைத்துப் பாகங்களைக் கழற்ற வேண்டியதில்லை.
7. வளையத்தைக் கடைசிவரை திருப்பி அப்படியே பிடித்திருப்பது. அப்போது எழும் கீச்சென்ற சத்தம், அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் சூடேறுகிறது என்பதற்கு அடையாளம். வரப்பு ஓரத்தில் திருப்பும்போது பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு.
8. தவறான ஆயில். இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

விரலை வைத்துப் பார்க்காதீர்கள்

டிராக்டரின் முன் டயரில் ஏறக்குறைய 2 பார் காற்றழுத்தம் இருக்கும். ஸ்டீயரிங் ஓஸில், முழுத் திருப்பத்தில், பல வண்டிகளில் 100 பாருக்கு மேல் போகும். அதாவது டயரைப் போல 50 மடங்கு. ஊசித் துளை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கண்ணுக்கே தெரியாமல் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும்.

முதலில் முள் குத்தியது போல ஒரு சிறு புள்ளிதான் தெரியும். வலி அதிகம் இருக்காது. "ஒண்ணுமில்லப்பா" என்று வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் கை வீங்கும், உள்ளே சதை கெடும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். இப்படி ஆயில் ஏறியதாகச் சந்தேகம் வந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே 108ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் "டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே ஏறியிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மேலே உள்ள சிறு புள்ளியை மட்டும் பார்த்துச் சாதாரணக் காயம் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடாமல் இருக்க இந்த ஒரு வாக்கியம் உதவும்.

கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். ஓஸிலிருந்து சற்றுத் தள்ளி அட்டையைக் காட்டினால் ஆயில் பட்ட இடம் நனையும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது

ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஆயில் ஓஸின் மேலும் சட்டத்தின் மேலும் வழிந்து தாழ்வான இடத்தில் வந்து சொட்டும். அதனால் கீழே நனைந்திருக்கும் பாகத்தை மாற்றிவிட்டு, மறுநாளும் அதே கசிவைப் பார்ப்பவர்கள் உண்டு.

1. சமதளத்தில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள்.
2. வளையத்தை இடமும் வலமுமாக நான்கைந்து முறை திருப்பினால் ஓஸில் தங்கியுள்ள அழுத்தம் இறங்கும். ஆயில் ஆறும்வரை காத்திருங்கள்.
3. பிரஷ்ஷும் டீசலும் கொண்டு பழைய அழுக்கையும் ஆயிலையும் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். அழுத்தத் தண்ணீரைச் சீல் மேல் நேராக அடிக்காதீர்கள்.
4. காய்ந்த இடங்களில் சாதாரண முகப் பவுடரை மெல்லத் தூவுங்கள். ஆயில் கசிந்தால் வெள்ளைப் பவுடரில் கறையாகத் தெரியும். கறையின் மேல் நுனிதான் கசியும் இடம்.
5. ஒருவர் வண்டியில் அமர்ந்து இன்ஜினை மெதுவான ஓட்டத்தில் வைத்து இரு பக்கமும் திருப்பட்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே கையோ காலோ வைக்கக் கூடாது.

அறிகுறிகளை வைத்தும் ஓரளவு கணிக்கலாம்.

• முன் அச்சில் ராடைச் சுற்றி எப்போதும் ஈரம்: சிலிண்டர் சீல்.
• திருப்பும்போது மட்டும் சொட்டுகிறது: அழுத்த ஓஸ் அல்லது அதன் முனை.
• நிறுத்தி வைத்த பிறகும் சொட்டுகிறது: டேங்க், திரும்பி வரும் ஓஸ் அல்லது அதன் கிளிப்.
• ஓட்டுபவரின் காலடியில் ஈரம்: ஸ்டீயரிங் யூனிட்டின் மேல் சீல்.
• வெளியே எங்கும் ஈரமில்லை, ஸ்டீயரிங் ஆயில் குறைகிறது, இன்ஜின் ஆயில் மட்டம் ஏறுகிறது: பம்பின் தண்டு சீல். இன்ஜின் கியரில் பூட்டிய பம்பில் ஆயில் உள்ளுக்குள் இன்ஜினுக்குப் போகும். இதைக் கவனிக்காமல் விட்டால் இன்ஜினுக்கும் கேடு.
• டேங்கில் நுரை, பம்பில் இரைச்சல்: ஆயில் மட்டம் குறைவு அல்லது உறிஞ்சும் ஓஸில் காற்று புகுதல். இங்கே ஆயில் வெளியே வராமல் காற்று உள்ளே போகும்.
• வெளியே கசிவே இல்லை, ஆயிலும் குறையவில்லை, ஆனால் வளையம் தேவைக்கு மேல் சுற்றுகிறது: சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் அல்லது ஸ்டீயரிங் யூனிட் உள்தேய்வு.

சொட்டு அளவை எளிதாக நினைக்க வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3,600 சொட்டு. 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி என்று வைத்தால் மணிக்கு 180 மில்லி. 8 மணி நேர உழவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போய்விடும். தனி டேங்க் உள்ள வண்டிகளில் மொத்த ஆயிலே சில லிட்டர்தான்.

சரிசெய்யும் முறை

இணைப்பு முனையில் கசிவு: இன்ஜின் நின்ற நிலையில் இரண்டு ஸ்பேனர் பயன்படுத்துங்கள். ஒன்றால் ஓஸ் முனையைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓஸ் முறுக்கிக்கொள்ளும். லேசாக இறுக்கியும் நிற்கவில்லை என்றால் மேலும் பலம் போடாதீர்கள், மரை போய்விடும். கழற்றி உள்ளே உள்ள செம்பு வாஷரையோ ஓ-ரிங்கையோ புதிதாக மாற்றுங்கள். இந்த இணைப்புகளில் டெப்லான் டேப் சுற்றக் கூடாது. அந்த நூல் பிசிறு ஆயிலோடு போய் ஸ்டீயரிங் யூனிட்டின் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும்.

ஓஸில் கசிவு: அழுத்த ஓஸுக்கு ஒட்டு வேலை கிடையாது. சைக்கிள் டியூப் சுற்றிக் கம்பி கட்டுவது, பசை பூசுவது, நடுவில் வெட்டிக் குழாய் சொருகிக் கிளிப் போடுவது எல்லாம் சாலையில் உங்களைக் கைவிடும். பழைய ஓஸைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதே உள்விட்டம், அதே நீளம், அதே அழுத்தத் தரம், அதே முனை உள்ள ஓஸாக மெஷினில் பிரஸ் செய்து வாங்குங்கள். ஓஸின் மேலேயே தரமும் அழுத்தமும் அச்சடிக்கப்பட்டிருக்கும். வெட்டும்போது உள்ளே விழும் ரப்பர்த் தூளைக் காற்றடித்து எடுக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு வளையத்தை முழுக்கத் திருப்பி, ஓஸ் இழுபடவில்லை, உரசவில்லை என்று பாருங்கள். டேங்கிலிருந்து பம்புக்கும், யூனிட்டிலிருந்து டேங்குக்கும் போகும் குறைந்த அழுத்த ஓஸுக்குத்தான் கிளிப் பொருந்தும்.

சிலிண்டர் ராடு சீல்: பழக்கப்பட்ட மெக்கானிக்கை வைத்துச் செய்வது நல்லது. செய்யும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை:

• கழற்றுவதற்கு முன் இரண்டு ஓஸிலும் இடது, வலது என்று அடையாளம் போடுங்கள். மாற்றி மாட்டினால் இடது பக்கம் திருப்பும்போது வண்டி வலது பக்கம் போகும்.
• திறந்த ஓஸ் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் கட்டி மூடுங்கள். ஒரு சிட்டிகை மண் போதும், பம்பு கெட.
• ராடின் மேல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் ராடையும் சரிசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுச் சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே அறுந்துவிடும்.
• ஒரு சீலை மட்டும் மாற்றாமல், உங்கள் மாடலுக்குரிய சீல் கிட்டை முழுதாக மாற்றுங்கள்.
• ஆயில் சீலின் உதடு உள்ளே அழுத்தம் உள்ள பக்கம் பார்க்க வேண்டும். அழுக்கைத் தடுக்கும் வைப்பர் சீலின் உதடு வெளியே பார்க்க வேண்டும். புதுச் சீலை ஆயிலில் நனைத்துக் கையால் பொருத்த வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது.
• மாட்டும்போது பால் ஜாயிண்ட் நட்டின் பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள்.

பம்பு, ஸ்டீயரிங் யூனிட்: இவற்றை ஷெட்டிலோ மரத்தடியிலோ பிரிக்காதீர்கள். உள்ளே உள்ள பாகங்கள் மிக நுணுக்கமான இடைவெளியில் பொருந்தியவை. சோதனை மீட்டரும் சுத்தமான இடமும் உள்ள ஒர்க்ஷாப்பில் விடுங்கள். வண்டி வாரண்டியில் இருந்தால் எதையும் பிரிப்பதற்கு முன் விற்பனை நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது?

வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ஒரு மாடலுக்கு ஏடிஎஃப் ஆயில், இன்னொன்றுக்கு ஹைட்ராலிக் ஆயில், வேறொன்றுக்கு கியர் பாக்ஸிலும் சேர்த்து ஊற்றும் ஆயில் என்று மாறும். பக்கத்துத் தோட்டத்து வண்டிக்கு ஊற்றியது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். கையேடு தொலைந்திருந்தால் வண்டியின் மாடலைச் சொல்லி விற்பனை நிலையத்தில் கேளுங்கள்.

பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது இந்தச் சீல்களின் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். கழிவு இன்ஜின் ஆயில், சமையல் எண்ணெய் இவையும் கூடாது. வயலில் ஆயில் தீர்ந்து சரியான ஆயில் கையில் இல்லையென்றால், வண்டியை நிறுத்தி ஆயிலை வண்டிக்குக் கொண்டு வருவதுதான் முறை. முழு ஹைட்ராலிக் வண்டியை அந்த நிலையில் சாலைக்கு எடுக்க வேண்டாம்.

காற்றை வெளியேற்றுதல்

ஓஸ் அல்லது சிலிண்டர் கழற்றிய பிறகு உள்ளே காற்று புகுந்திருக்கும். காற்று இருந்தால் ஸ்டீயரிங் துள்ளும். திருப்பியது உடனே கேட்காது.

1. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.
2. சுத்தமான புனலில் வடிகட்டி வைத்துக் குறியீடு வரை ஆயில் ஊற்றுங்கள். பில்டர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.
3. இன்ஜினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, வளையத்தை நிதானமாக இரு பக்கமும் ஐந்தாறு முறை திருப்புங்கள். கடைசியில் பிடித்து நிற்க வேண்டாம். மட்டம் இறங்க இறங்க ஆயில் சேருங்கள்.
4. டேங்கில் நுரை அடங்கியதும் இன்ஜினை நிறுத்தி மட்டம் பாருங்கள்.
5. வண்டியை இறக்கி, ஆளில்லாத களத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைக்குப் பின்பும், 10 மணி நேர வேலைக்குப் பின்பும் இணைப்புகளை மறுபடி பாருங்கள்.

கழிவு ஆயில்

கழற்றும்போது அடியில் தட்டு வையுங்கள். தரையில் சிந்தியதை மரத்தூளோ மணலோ போட்டு அள்ளுங்கள். கழிவு ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரமோ ஊற்றாதீர்கள். தண்ணீரின் மேல் சிறிதளவு ஆயிலும் படலமாகப் பரவும். நடவு வயலில் நிற்கும் தண்ணீரில் விழுந்தால் நாற்றின் தண்டில் ஒட்டும். கண்மாய்த் தண்ணீரை மாடும் குடிக்கிறது, நாமும் புழங்குகிறோம். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவு ஆயில் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டிய பொருள். மூடிய கேனில் சேர்த்து, அப்படி அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

அன்றாடம் ஐந்து நிமிடம்

• காலையில் வண்டியை எடுக்கும் முன், நேற்று நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். புதுக் கறை இருந்தால் காரணம் தெரியாமல் எடுக்காதீர்கள்.
• ஆயில் மட்டம் பாருங்கள். மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.
• தொளி வேலை முடிந்ததும் அன்றே சிலிண்டர் ராடைக் கழுவித் துடையுங்கள்.
• வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் உடனே சிறிது விட்டுக்கொடுங்கள். நின்ற இடத்தில் திருப்பாமல், சக்கரம் உருளும்போது திருப்புங்கள்.
• ஓஸில் வெடிப்பு, உப்பல், உள்கம்பி தெரிதல் இருந்தால், கசியாவிட்டாலும் சீசனுக்கு முன்பே மாற்றுங்கள். கோடை உழவு முடிந்து மழைக்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் இதற்குச் சரியான காலம்.

பழுது பார்க்க வண்டி நின்று உழவு தள்ளிப்போகும் நிலை வந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர்களை உழவன் செயலி மூலம் முன்பதிவு செய்யலாம். சந்தேகங்களுக்குக் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551இல் தமிழிலேயே கேட்கலாம்.

வண்டியை நீங்கள் ஓட்டாமல் டிரைவர் ஓட்டுகிறார் என்றால், இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்களை மட்டுமாவது அவரிடம் சொல்லிவிடுங்கள்: கசியும் ஓஸில் விரல் வைக்கக் கூடாது, ஆயில் இல்லாத வண்டியைச் சாலையில் ஏற்றக் கூடாது. மற்றதையெல்லாம் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம்.